செங்காத்துப்பட்டி மில்லுக்காரர்கள்

ஆடி மாசத்துக் காற்று மண்ணை வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், மழையென்றால் பிள்ளைகள் பாடப்புத்தகத்துப் படத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றிருந்த அந்தக் கரிசல் ஊரில், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் நனைந்து, சேலை முந்தானையிலும் வேட்டி நுனியிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் தூக்குச்சட்டியோடு ஒரு மில்லுக்கூட்டம் சாமியார் காலேஜ் கேட்டு முன்னால் வந்து நின்றது. வாட்ச்மேன் தங்கையா அவர்களை மேலும் கீழும் பார்த்தார். அட்மிஷனுக்கா, கான்டீன் வேலைக்கா என்று கேட்டார்.

"ஷிப்டுக்கு," என்றாள் முன்னால் நின்றவள். இடுப்பில் ஒரு பெண் பிள்ளை தலையைத் தொங்கப்போட்டுக்கிடந்தது.

"இங்க ஷிப்டெல்லாம் கிடையாது தாயி. இது காலேஜு."

"தெரியும்ண்ணே. இங்கதான வருஷா வருஷம் எங்க மில்லை மூடுறாங்க."

தங்கையா கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, அப்படியானால் ஆபீஸ் திறக்கட்டும், பத்து மணியாகும், கார் வருகிற வழியில் நிற்காமல் அந்த வாகை மரத்தடியில் ஒதுங்கி நில்லுங்கள் என்றார். நின்றார்கள். ஆபீஸ் திறப்பதற்குள் மரத்தடியில் குட்டை கட்டி, எங்கிருந்தோ சிட்டுக்குருவிகள் வந்து குளித்துக்கொண்டிருந்தன.

அந்தக் காலேஜுக்குப் போர்டில் நீளமாக ஒரு புனிதர் பேர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. சேசு சபைச் சாமியார்கள் அந்தக் காலத்தில் கட்டியது, கம்பெனி நிர்வாகம் சொல்லிக்கொடுக்கிற இடம். ஆள் வைத்து வேலை வாங்கப்போகிறவனுக்கு முதலில் மனசாட்சி வேண்டும் என்று சொல்லித்தான் முதல் கல்லை வைத்தார் ஒரு வெள்ளைக்காரச் சாமியார். மனசாட்சிக்கென்று இரண்டு ஏற்பாடுகளையும் செய்துவைத்துவிட்டுப் போனார். ஒன்று, மத்தியான மணி. பன்னிரண்டு மணிக்கு மணியடித்ததும் சாமியாரிலிருந்து சமையல்காரர் வரைக்கும் அவரவர் நின்ற இடத்தில் நின்று, காலையிலிருந்து நான் என்ன செய்தேன், யாருக்கு என்ன செய்தேன் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆத்தும சோதனை என்று அதற்குப் பேர். இன்னொன்று, ஒவ்வொரு மாணவனும் ஏதாவது ஒரு ஆலை இருக்கிற ஊரில் மூன்று வாரம் போய்த் தங்கி, அந்த ஜனத்தோடு சாப்பிட்டு, அந்த ஜனத்தோடு படுத்து எழுந்து, அங்கே இருக்கிற சிக்கலை ஒரு கேஸாக எழுதிக்கொண்டு வர வேண்டும். நல்ல கேஸாக இருந்தால் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அதையே பாடமாக வைப்பார்கள். கேஸில் முடிவு மட்டும் இருக்காது. இந்த ஆலையை மூடுவதா, நடத்துவதா என்கிற இடத்தில் அது நின்றுவிடும். வகுப்பில் பேசி, கடைசியில் கையைத் தூக்கச் சொல்லி, பிள்ளைகளே முடிவு கட்ட வேண்டும்.

அப்படிப் பாடமாக வைத்த கேஸ்களிலேயே பேர்போனது செங்காத்துப்பட்டி நூல் மில் கேஸ். அதை எழுதியவர் ஞானாதிக்கம். அதற்காகத் தங்கமெடல் வாங்கி, பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, அதே காலேஜுக்கு வாத்தியாராகத் திரும்பி வந்து, அன்றிலிருந்து வருஷா வருஷம் தான் எழுதிய கேஸைத் தானே நடத்திக்கொண்டிருந்தவரும் அவர்தான். வருஷா வருஷம் பிள்ளைகள் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், கடைசியில் மூடலாம் என்றுதான் அதிகக் கை உயரும். நடத்தலாம் என்று கை தூக்குகிற இரண்டொரு பிள்ளைகளை, இதுகள் நல்ல மனசுள்ள பிள்ளைகள் என்று அவர் நினைத்துக்கொள்வார். மார்க் மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுவார். அப்படிக் கை தூக்கிப் பழகிய பிள்ளைகள் தேசமெல்லாம் போய்ப் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். எந்த ஊரில் எந்த ஆலையை மூடுவதென்றாலும், சத்தம் வராமல், நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, "இதில் உங்கள் குறை எதுவும் இல்லை" என்று சொல்லி அனுப்பத் தெரிந்தவன் ஒருத்தன் அங்கே இருந்தால், அவன் நம்ம சாமியார் காலேஜில் படித்தவனாக இருப்பான்.

அன்றைக்கு ஞானாதிக்கம் மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். இலைப்பச்சைச் சேலையும், தோளில் ஒட்டிய பஞ்சும், இடுப்பில் பிள்ளையுமாக நின்றவளைப் பார்த்ததுமே, அவள் சீனியம்மாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சேலையின் நிறத்தை எழுதியது அவர். அந்தப் பஞ்சை ஒட்டவைத்ததும் அவர்தான். அவள் பக்கத்தில் முண்டாசோடு நிற்கிறவன் சங்கத் தலைவன் பலவேசம். அவன் மீசையும் அவர் எழுதியதுதான்.

செங்காத்துப்பட்டி என்று ஒரு ஊர் கிடையாது. படிக்கிற காலத்தில் அவருக்கென்று ஒரு ஆலையைச் சொல்லி, பஸ்ஸும் ஏற்றிவிட்டார்கள். அவர் மதுரையில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போய், மூன்று வாரமும் ஆட்டுக்கறியும் மாட்னி ஷோவுமாக இருந்துவிட்டு, திரும்புவதற்கு முந்தின சாயங்காலம் உட்கார்ந்து எழுதினார். கேஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கம்பெனியின் மானத்தைக் காப்பாற்ற, பேர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன என்று கீழே ஒரு வரி போட்டுவிடலாம். அந்த வரிக்குப் பின்னால் ஒரு ஊரையே ஒளித்துவைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் ஞானாதிக்கம். மழை பெய்கிற ஒரு காலையில், என்று ஆரம்பித்தால் மனசைத் தொடும் என்று ஆரம்பித்தார். எல்லாம் முடித்துப் பேனாவை மூடப்போனவர், திருத்துகிற சாமியாருக்குப் பிள்ளைகள் என்றால் மனசு உருகிப்போகும் என்பது ஞாபகம் வந்து, திரும்பத் திறந்து, சீனியம்மாளுக்குக் காய்ச்சலில் கிடக்கும் ஒரு மகள் உண்டு என்று ஒரு வரி சேர்த்தார். பிள்ளைக்குப் பேர்கூட வைக்கவில்லை.

ஆக, அவர்கள் ஏன் நனைந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, காரணம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் பின்கேட்டு வழியாக வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அதுவே அவருக்கு வழியாகிவிட்டது.

ஆபீஸில் அவர்களுக்கென்று எந்தப் படிவமும் இல்லாததால், ரெக்டர் ஃபாதர் தைரியநாதன் பழைய ஹாஸ்டலைத் திறந்துவிட்டார். ஊர் அவர்களை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பஸ் ஸ்டாண்டு மெஸ் லூர்தம்மாள், "ஏ, ஈரத்தோட உள்ள வராதீங்க, சிமெண்டுத் தரை வழுக்கும்," என்று சத்தம் போட்டாள். இரண்டாம் நாள் அவர்கள் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து நான்கு கத்தரி நாற்றை ஊன்றிவைத்தாள். நாற்று பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் வெண்டை போட்டார். மில்லுக்காரர்கள் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தாலே போதும், அந்த இடம் பச்சை பிடித்தது. கோயில் கிணற்றடியில் அவர்களைச் சாயங்காலத்தில் உட்காரவைத்துச் சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுத்தார்கள் ஊர்ப் பெரியவர்கள். எத்தனையோ வருஷமாக வறண்டுகிடந்த கிணறு ஊறத் தொடங்கியது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவர்களைத் தனியாக வெற்றிலை வைத்து அழைத்தார்கள், பந்தலுக்குக் குளிர்ச்சி என்று. வண்ணாரத் தெருக்காரர்கள் மட்டும், காயாத துணியை நாங்கள் என்ன செய்ய என்று கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

கூட்டத்தில் சீனியம்மாள், பலவேசம் போல இரண்டு மூன்று பேருக்குத்தான் முகம் திருத்தமாக இருந்தது. மற்றவர்களை ஞானாதிக்கம் 'தொழிலாளர்கள்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிட்டதால், அவர்களுக்கு முகம் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் மறந்துபோகும். சவரம் பண்ணப் போனால் பார்பர் முனியசாமிக்குக் கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாது. அவன்தான் முதலில் ஒரு வழி கண்டுபிடித்தான். வருகிற ஆளை உட்காரவைத்து, "அண்ணாச்சி, உங்களப் பாத்தா எங்க சின்ன மாமன் ஞாபகம் வருது," என்று பேச்சுக் கொடுத்து, அந்த மாமனின் தாடையையே மனசில் வைத்துச் சிரைக்க, ஆள் எழுந்திருக்கும்போது அந்தத் தாடை அவருக்கு நின்றுபோனது. அதற்கப்புறம் ஊரே கொடுத்தது. செத்துப்போன தம்பியின் மூக்கை ஒருத்தர் கொடுத்தார். ஓடிப்போன புருஷனின் சுருட்டைமுடியை ஒருத்தி கொடுத்துவிட்டு, கொடுத்தது தப்போ என்று பிறகு வருத்தப்பட்டாள். பேரும் அப்படித்தான் வந்தது. ஒருத்தருக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுக்காமல் விட்டுப்போய், அவர் கொஞ்ச நாள் மொட்டை முகமாகவே அலைந்து, கடைசியில் லூர்தம்மாளோடு போட்ட ஒரு சண்டையில் அவருக்குச் சொந்தமாகவே ஒரு கோபமுகம் வந்துவிட்டது.

இதெல்லாம் நடக்க நடக்க, ஞானாதிக்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. தான் கொடுக்காததையெல்லாம் ஊர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய பாடு, வழியில் பார்க்கிற ஆட்களெல்லாம் அவரை நிறுத்திப் பேசுவதுதான்.

"சார், உங்க ஊர்க்காரங்க ரொம்பத் தங்கமானவங்க," என்றாள் லூர்தம்மாள். "நீங்க அவுக வீட்டுலதான தங்கியிருந்தீங்க அப்போ? சீனி மதினி கைப்பக்குவம் எப்படி?"

"நல்லா... நல்லாத்தான் இருக்கும்."

"இருக்கும்னா? மூணு வாரம் தின்னுட்டு இருக்கும்ங்கிறீங்க. அந்தப் பிள்ளை அப்பவும் இதே அளவுதானா?"

பக்கத்தில் பலவேசம் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஞானாதிக்கம் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "சார் அப்போ சின்னப் பையன் அக்கா. ஞாபகம் இருக்காது," என்று மெதுவாகச் சொன்னான். அவர்கள் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அவன் விட்டதுதான் ஞானாதிக்கத்தின் நெஞ்சில் முள்ளாக நின்றது. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

சேதி பழைய மாணவர்களுக்குப் போயிற்று. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கார்களில் வந்தார்கள். அந்தக் கேஸில் கை தூக்கியவர்கள்தானே எல்லோரும். வந்து, காரை விட்டு இறங்கி, கிட்டே போகாமல் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் துண்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பூப்போட்ட துண்டு, கம்பெனி பேர் போட்ட துண்டு, வெளிநாட்டுத் துண்டு. எந்தத் துண்டாலும் துடைத்து அவர்கள் ஈரம் போகவில்லை. அந்த வருஷம் அந்த ஊர் ஜவுளிக்கடையில் ஒருத்தரும் துண்டு வாங்கவில்லை.

கூட்டத்தில் காய்ந்திருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். காய்ச்சல் அப்படிக் காய்ந்தது. சீனியம்மாள் ஈர முந்தானையைப் போர்த்தினால் கொஞ்ச நேரத்தில் அது மொரமொரவென்று ஆகிவிடும். கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி போட்டுப் பார்த்தார், மருந்தை மாற்றிப் பார்த்தார். இந்தக் காய்ச்சல் ஒட்டியிருக்கிற இடம் வேறே என்று சொல்லிவிட்டார். லூர்தம்மாள் தன் மெஸ்ஸின் பின்கட்டில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். ஊர் அதைப் பாப்பா என்று கூப்பிட்டது.

ஆவணி பிறந்தது. காலேஜின் பவளவிழா நெருங்கியது. பழைய மாணவர்கள் எல்லோரும் வந்து, பெரிய ஹாலில் உட்கார்ந்து, ஞானாதிக்கம் சார் செங்காத்துப்பட்டி கேஸ் நடத்துவதை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு, அதற்கென்று நாளும் குறித்தாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட அன்று மத்தியானம் சீனியம்மாள் அவர் ரூமுக்கு வந்தாள். உட்காரச் சொன்னார். நாற்காலி நனையும் என்று நின்றுகொண்டாள்.

"சார், அன்னைக்கும் மூடுவாங்களா?"

"அது பிள்ளைங்க எடுக்கிற முடிவும்மா. நான் ஒண்ணும்..."

"ஒவ்வொரு தடவ மூடும்போதும் இவளுக்குக் கொஞ்சம் ஏறுது. நாங்க நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போவோம். மறுநா விடிஞ்சா அதே மழை, அதே கேட்டு. எங்களுக்கு அது பழகிப்போச்சு. ஆனா இவ ஒடம்புல இனிமே ஏற எடம் இல்ல சார். இந்தத் தடவ மூடுனா தாங்க மாட்டா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போன பிறகு தரையில் கிடந்த தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், எழுதித்தானே வந்தது, எழுதியே சரிசெய்துவிடலாம் என்று அவருக்குப் பட்டது. கேஸுக்கு இரண்டாம் பாகம் எழுதுகிற வழக்கம் உண்டு. உட்கார்ந்து எழுதினார். புது முதலாளி வந்தார், மில் திறந்தது, எல்லோருக்கும் வேலை கிடைத்தது, சீனியம்மாளின் மகள் குணமாகிச் சிரித்த முகத்துடன் பள்ளிக்குச் சென்றாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா, இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் விட்டோமே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது அவருக்கு.

மறுநாள் காலையில் பாப்பா கட்டிலை விட்டு எழுந்து நின்றது. லூர்தம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பசிக்குதா கண்ணு?" என்றாள்.

"நான் தினமும் மகிழ்ச்சியுடன் பள்ளிக்குச் செல்கிறேன்," என்றது பிள்ளை.

"போகலாம்டா, போகலாம். ஒரு இட்லி தின்னுட்டுப் போ."

"நான் தினமும் மகிழ்ச்சியுடன் பள்ளிக்குச் செல்கிறேன்."

சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. சாப்பிடும்போதும் சிரிப்பு, கீழே விழுந்து முட்டி பெயர்ந்தபோதும் சிரிப்பு. சீனியம்மாள் பக்கத்தில் வந்து தொட்டபோது, யாரோ என்கிற மாதிரி நகர்ந்துகொண்டு, அதே சிரிப்பு. சாயங்காலம் சீனியம்மாள் மறுபடி அவர் ரூமுக்கு வந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை.

"என் பிள்ளையக் குடுங்க."

"குணமாயிட்டாளேம்மா..."

"இது என் பிள்ள இல்ல. காய்ச்சலோட கெடந்தாலும் அவ என் கழுத்தக் கட்டிக்கிட்டுக் கெடந்தா. இது யாரு பெத்தது? ரெண்டு தடவயும் பாக்காமலே எழுதிட்டீங்க சார். மொதல்ல அவளுக்குக் காய்ச்சலக் குடுத்தீங்க. இப்போ அவளையே எடுத்துட்டீங்க."

அவள் கண் முன்னாலேயே அவர் இரண்டாம் பாகத்தைக் கிழித்தார். மெஸ் பின்கட்டிலிருந்து பிள்ளை அனத்துகிற சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. அதைக் கேட்டுச் சீனியம்மாள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் ஞானாதிக்கத்தால் தாங்க முடியவில்லை.

அந்தக் கேஸை அன்றைக்குத் திருத்தியவரான ஃபாதர் தைரியநாதன் ஹாஸ்டல் கொல்லையில் துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். காயாது என்று தெரிந்தும் தினமும் போடுவார். ஞானாதிக்கம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"சாமி, நான் அந்த ஊருக்குப் போகவே இல்ல."

"அந்தக் கிளிப்ப எடு," என்றார் ஃபாதர். வாங்கிக் குத்திவிட்டு, "தெரியும்," என்றார்.

"யாரு சொன்னா?"

"நீதான் எழுதியிருந்தியே. நூல் மில்லப் பத்தி அத்தனை பக்கம் எழுதியிருக்க, சத்தத்தப் பத்தி ஒரு வரி இல்ல. நூல் மில்லுக்குள்ள போயிட்டு வந்தவன் வெளிய வந்தும் கத்தித்தான் பேசுவான். இவங்களப் பாரு, கோயில்ல பேசுற மாதிரி குசுகுசுன்னு பேசுறாங்க. மெஷின் சத்தமே கேக்காத மில்லுக்காரங்க."

"அப்போ ஏன் சாமி மெடல் குடுத்தீங்க?"

ஃபாதர் அடுத்த துண்டை எடுத்து உதறினார். உதறிக்கொண்டே இருந்தார். "அந்தப் பிள்ளைய எழுதியிருந்தல்ல. அந்த வரியில எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கலங்குன கண்ணோட ஒரு கேள்வி கேக்கத் தோணல. மத்தியான மணியடிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். வந்தா, இன்னிக்கு என்ன குழம்புன்னு நினைச்சுக்குவேன்."

"நானும் அப்படித்தான் சாமி."

"ம்."

"இப்போ நான் என்ன செய்யணும்?"

"போக வேண்டிய ஊருக்குப் போ."

"அப்படி ஒரு ஊரே இல்லையே சாமி."

"ஊரு இருக்குடா. நம்ம முன்கேட்டுல வந்து நிக்குது. நீதான் பின்கேட்டு வழியா போய்க்கிட்டு இருக்க. போய் இரு. பேனா கொண்டுபோகாத."

அன்று ஞானாதிக்கம் முன்கேட்டு வழியாகப் போனார். மெஸ் பின்கட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. சீனியம்மாள் அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணியைப் பிழிந்து அவர் கையில் கொடுத்தாள். நெற்றியில் போட்டார். காய்ந்தது. மறுபடி நனைத்தார். போட்டார். காய்ந்தது.

முதலில் வாத்தியார் புத்தி போகவில்லை. உங்க சொந்த ஊர் எது, எப்போ வேலைக்குச் சேர்ந்தீங்க, கூடப்பிறந்தவங்க யார் என்று வரிசையாகக் கேட்டார். "இப்படிக் கேட்டா, நீங்க எழுதுனதத்தான் நான் திருப்பிச் சொல்லுவேன் சார். என்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றாள் அவள். "இவளுக்கு அப்பன் யாருன்னு நீங்க எழுதல. நானும் எத்தனையோ நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு மொகமும் வரல." அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்தது. துணி நனைத்தார், விசிறினார், கஞ்சி ஆற்றினார், லூர்தம்மாளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். பிள்ளையின் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தார். அதை அவர் எழுதவில்லை. அது எந்த ஊர்க்காரர் கொடுத்ததும் இல்லை. அது அங்கேயே இருந்திருக்கிறது, பார்க்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் ரசத்தைக் குடித்துவிட்டுச் சீனியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "எனக்குப் புளி கூடுனா ஆகாது போல," என்று தனக்குத்தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டாள். அதைக் கேட்ட ஞானாதிக்கம் தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

குறித்த நாள் வந்தது. பெரிய ஹாலில் கம்பெனித் தலைவர்களும் மேலாளர்களுமாகப் பழைய மாணவர்கள் நிறைந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மில்லுக்காரர்களை உட்காரவைத்திருந்தார்கள். ஞானாதிக்கம் மட்டும் வரவில்லை. கூட்டிவரச் செல்வினை அனுப்பினார்கள். செல்வின் அவரிடம் படித்தவன், தெற்கே ஒரு பெரிய ஆலையை டீ கொடுத்து மூடியவன். வந்திருந்த துண்டுகளில் பாதி அவன் வாங்கியது. மெஸ்ஸுக்குள் குனிந்து வந்தான்.

"சார், எல்லாரும் காத்திருக்காங்க."

"இந்தத் துணிய மாத்திட்டு வர்றேன்பா."

மாற்றினார். காய்ந்தது. மறுபடி நனைத்தார். செல்வின் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"சார், நீங்க வந்தாதான் ஆரம்பிக்க முடியும்."

"நான் வந்தா நீங்க கை தூக்குவீங்க செல்வின்."

அவன் நின்றான். சீனியம்மாள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்; எடுத்த வாயில் அந்தப் பழைய வாசகம்தான் வந்திருக்க வேண்டும், இதில் உங்கள் குறை எதுவும் இல்லை என்கிற வாசகம். அதை விழுங்கிக்கொண்டான். வெளியே போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனான்.

லூர்தம்மாள் காலேஜுக்கும் மெஸ்ஸுக்குமாக நடந்து சேதி கொண்டுவந்தாள். "அங்க ஒருத்தரும் கை தூக்கல. யாரு தூக்கச் சொல்றதுன்னு தெரியாம உம்முன்னு உக்காந்திருக்காங்க. பலவேசம் அண்ணன் எந்திரிச்சு, சார் வேலையா இருக்காருன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. உங்க ஃபாதரு மேடைப் பக்கம் வரவும் இல்ல, எந்திரிச்சுப் போகவும் இல்ல." அப்புறம் மத்தியான மணி அடித்தது. தெருவில் சைக்கிள்கள் நின்றன. லூர்தம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ஞானாதிக்கம் குழம்பை நினைக்கவில்லை.

மணி ஓய்ந்தது. பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கப் போனவருக்கு விரல்களுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. துணியின் ஈரமாக இருக்கும் என்று துணியை எடுத்துப் பார்த்தார். நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. சீனியம்மாளைக் கூப்பிட நினைத்தார். அவளே வந்து, குனிந்து, கன்னத்தைப் பிள்ளையின் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. கூரையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, முக்காலியில் இருந்தவரைப் பார்த்தது.

"அம்மா, இது யாரு?"

ஞானாதிக்கம் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். தங்கமெடல் வாங்கிய அன்றுகூட, ஒரு சொல்லுக்காக அவர் அப்படிக் காத்திருந்ததில்லை.

"நம்ம ஊருக்கு வர வேண்டியவரு," என்றாள் சீனியம்மாள். "இப்பத்தான் வந்திருக்காரு."

"ஏன் இவ்வளவு நேரம்?"

"அத அவர்ட்டயே கேளு."

பிள்ளை அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தது.